டர்பனின் தோழர் ஓட்டம்

கரமனைப் பாலத்தின் அருகே நின்று தெற்கு நோக்கினால், நாகர்கோவில் செல்லும் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போவதைக் காணலாம். நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் எனப் பல ஊர்களைக் கடந்து அச்சாலை கன்னியாகுமரியை அடைகிறது. தொலைவு ஏறத்தாழ 85 கிலோமீட்டர். பேருந்தில் சென்றாலே மூன்று மணி நேரம் பிடிக்கும் இவ்வழியைப் பொழுது விடியுமுன் புறப்பட்டு, மாலைக்குள் காலால் ஓடிக் கடக்க வேண்டும் என்று எவரேனும் சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் ஏறக்குறைய இதே தொலைவை, இதைவிட மேடுபள்ளம் மிகுந்த சாலையில், ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் ஓடுகின்றனர். அதற்கெனவே இந்தியாவிலிருந்தும் அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கணக்கானோர் கடல் கடந்து செல்கின்றனர். தென்னாப்பிரிக்காவின் டர்பன், பீட்டர்மாரிட்சுபர்க் ஆகிய நகரங்களுக்கிடையே நடைபெறும் 'காம்ரேட்ஸ் மராத்தான்' என்பதே அவ்வோட்டம். 'காம்ரேட்ஸ்' என்றால் தோழர்கள்.

யாருடைய தோழர்கள்? விக் கிளாப்பம் என்பவர் தொடர்வண்டி ஓட்டுநர். முதல் உலகப் போரில் படைவீரராகிக் கிழக்கு ஆப்பிரிக்காவின் காடுகளில் நெடுந்தொலைவு நடந்தவர். உடன் நடந்து மடிந்தோருக்குக் கல்லில் நினைவுச்சின்னம் எழுப்புவதைவிட, அவர்கள் தாங்கிய உடல் வருத்தத்தை ஒருநாளேனும் தாமும் தாங்குவதே தக்க நினைவு என அவர் கருதினார். முன்னாள் வீரர்களின் கழகத்தை அணுகினார்; மனிதரால் இயலாத செயல் என்று மறுத்துவிட்டனர். மீண்டும் மீண்டும் கேட்ட பின்னரே இசைவு கிடைத்தது. 1921 மே 24 அன்று 34 பேர் பீட்டர்மாரிட்சுபர்க்கிலிருந்து புறப்பட்டனர். டர்பனை அடைந்தவர் 16 பேர். முதலில் வந்த பில் ரோவன் எடுத்துக்கொண்ட நேரம் 8 மணி 59 நிமிடம்.

தோழமை என்னும் பெயர் அழகியது. எனினும் அத்தோழமை நெடுங்காலம் எல்லாருக்கும் உரியதாக இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வெள்ளையரல்லாதாரும் பெண்களும் 1975 வரை முறைப்படி அனுமதிக்கப்படவில்லை. 1923இல் பிரான்செஸ் ஹேவர்டு என்னும் பெண்மணி பதிவு மறுக்கப்பட்ட நிலையிலும் ஓடி முடித்தார். அவருக்குப் பதக்கம் இல்லை. உடன் ஓடியவர்களும் கண்டவர்களும் பணம் திரட்டி வெள்ளித் தேநீர்க் கலன்களைப் பரிசளித்தனர். 1935இல் ராபர்ட் இம்சாலி என்னும் கறுப்பின வீரர் ஓடி முடித்தார்; அவர் பெயர் ஏட்டில் ஏறவில்லை. இன்று ஒன்பது மணி நேரத்திற்கும் பத்து மணி நேரத்திற்கும் இடையில் ஓடி முடிப்போர்க்கு வழங்கும் பதக்கம் அவர் பெயரால் அமைந்துள்ளது. 1989இல்தான் சாம் சபலாலா என்னும் கறுப்பின வீரர் முதன்முதலாக இதில் வெற்றி பெற்றார்.

இனி, இங்கிருந்து செல்வோரின் வழியைப் பார்ப்போம். விரும்பியவரெல்லாம் ஓடிவிட முடியாது. 42.195 கிலோமீட்டர் கொண்ட முழு மராத்தானைக் குறித்த நேரத்திற்குள் முடித்திருத்தல் வேண்டும். நம் நாட்டினர் பலர் ஜனவரியில் நடைபெறும் மும்பை மராத்தானில் இத்தகுதியைப் பெறுகின்றனர். காம்ரேட்ஸ் பெரும்பாலும் ஜூன் மாதத்தில் நிகழ்வது. நமக்குப் பள்ளி திறந்து தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலம். பூமியின் தென்பாதியில் அமைந்த அந்நாட்டிலோ அது குளிர்காலம். ஆதலால் பழைய மேற்சட்டை ஒன்றை அணிந்து சென்று, ஓட்டம் தொடங்கி உடல் சூடேறியதும் வழியில் கழற்றிவிட்டுச் செல்வது வழக்கம்.

புறப்படும் முன் நிகழ்வனவே பலருக்கும் மறவா நினைவு. இருள் விலகாத தெருவில் ஓட்டக்காரர்கள் தோளோடு தோள் நெருங்கி நிற்பர். நாட்டுப்பண் முடிந்ததும் 'ஷோஷோலோசா' என்னும் பாடல் எழும். அது சுரங்க வேலைக்காகத் தொடர்வண்டியில் வந்த தொழிலாளர்களின் பாட்டு. நம் ஏற்றப்பாட்டையும் நடவுப்பாட்டையும் போல, ஒருவர் எடுத்துக்கொடுக்கப் பலர் சேர்ந்திசைப்பது. 'முன்னே செல்' என்னும் கருத்துடையது. மொழி அறியாதவரும் வாய்விட்டுப் பாடுவர். அடுத்துச் சேவல் கூவும். அது மெய்யான சேவலன்று. 1948இல் மேக்ஸ் டிரிம்போர்ன் என்னும் ஓட்டக்காரர் படபடப்புத் தாளாமல் சேவலைப்போல் கூவினார். அன்று தொட்டு அது மரபாயிற்று. அவர் மறைந்த பின்னும் அவர் குரலின் ஒலிப்பதிவே கூவுகிறது. உடனே வெடி முழங்கும்.

ஓரிரு ஆண்டு தவிர, திசை ஆண்டுக்கு ஆண்டு மாறும். கடற்கரை நகராகிய டர்பனிலிருந்து ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்திலுள்ள பீட்டர்மாரிட்சுபர்க்குக்குச் செல்வது 'ஏற்ற ஓட்டம்'. மறுதலை 'இறக்க ஓட்டம்'. இறக்கம் எளிது என்று எண்ண வேண்டா. தொடைத் தசைகளை நைத்துவிடுவது இறக்கமே என்பர் அனுபவம் உடையோர். வழியில் 'ஆயிரங்குன்றுப் பள்ளத்தாக்கு' என்னும் சூலு மக்களின் நிலம் விரிகிறது. இஞ்சாங்கா குன்றின் பக்கத்தில் எத்தெம்பெனி என்னும் பள்ளி உண்டு. உடற்குறையும் பார்வைக்குறையும் உடைய குழந்தைகள் கற்குமிடம் அது. அக்குழந்தைகள் சாலையோரம் வரிசையாக இருந்து கை நீட்டுவர். நேரத்தைக் கணக்கிட்டு ஓடுவோரும் அங்கே வேகம் குறைத்து, ஒவ்வொரு கையையும் தொட்டுச் செல்வர்.

முடிவிடத்தில் ஒரு கடுமையான விதி உள்ளது. பன்னிரண்டு மணி நேரம் நிறைந்த நொடியில் அலுவலர் ஒருவர், ஓடி வருவோருக்கு முதுகு காட்டி நின்று துப்பாக்கியால் சுடுவார். முகம் கண்டால் விரல் தயங்கும் அன்றோ! எல்லைக்கோட்டுக்கு ஓரடி முன்னிருப்பவருக்கும் அதன்பின் பதக்கம் இல்லை. அதனால்தான் கடைசி மணித்துளிகளில் தளர்ந்து விழுந்தவரை முன்பின் அறியாதவர் இருவர் இருபுறமும் தாங்கி நடத்திவரும் காட்சியை ஆண்டுதோறும் காண முடிகிறது.

மறுநாள் படியிறங்கவும் கால் ஒத்துழைக்காது. ஆயினும் அறையில் முடங்கிக் கிடப்பது, குறிப்பாகத் தமிழர்க்கு, பேரிழப்பு. 1860 நவம்பர் 16 அன்று 'டுரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு டர்பனை அடைந்தது. 1911 வரை ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் இந்தியர், நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கும் பிற வேலைகளுக்குமாக இவ்வாறு சென்றனர். அவருள் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தினர். அவர்தம் வழித்தோன்றல்களின் பெயர்களில் 'முதலி' என்பது 'மூட்லி' ஆகியிருக்கிறது. 'பிள்ளை'யும் 'படையாச்சி'யும் உருவம் சிறிதே மாறி நிற்கின்றன. வீட்டில் பேசுவது ஆங்கிலம். ஆனால் அம்பலவாணர் ஆலயத்தில் தீமிதி நடக்கிறது. தைப்பூசத்திற்குக் காவடி எடுக்கின்றனர். 1996ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு, வளர்த்து மதிக்கப்பட வேண்டிய மொழிகளுள் தமிழையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. தமிழை விருப்பமொழியாகப் பயிலும் நமக்கு இஃது ஆர்வமூட்டும் செய்தி. அவ்வூர்ச் சிற்றுணவு 'பன்னி சௌ'. ரொட்டித்துண்டின் நடுவைக் குடைந்து, அதனுள் காரமான குழம்பை ஊற்றித் தருவர். குடைந்தெடுத்த துண்டால் தொட்டு உண்ண வேண்டும். ஓடிக் களைத்த வயிற்றுக்கு இதனினும் இதம் வேறில்லை.

பீட்டர்மாரிட்சுபர்க் தொடர்வண்டி நிலையத்தில்தான் 1893 ஜூன் 7 இரவு, முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்த காந்தியடிகள் வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டார். அந்நிலையம் இன்றும் உள்ளது. அதே நகரின் சிறையில், இருபது ஆண்டுகளுக்குப் பின், கடுங்காவல் தண்டனை பெற்ற தமிழ்ச்சிறுமி ஒருத்தி அடைக்கப்பட்டாள். அங்கே காய்ச்சல் கண்டு, விடுதலையான பின், 1914 பிப்ரவரி 22 அன்று தன் பதினாறாம் வயதில் உயிர்நீத்தாள். அவளே வள்ளியம்மை. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து வளர்ந்த அவள், தன் பெயரோடு நாம் சேர்த்துச் சொல்லும் தில்லையாடியை ஒருமுறையும் கண்டதில்லை.