துப்பாக்கிக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம்

நம் சங்கத்துப் பிள்ளைகள் சிலர் ஏர் ரைஃபிள் சுடப் பழகுகிறார்கள். சென்ற மாதம் ஒரு பையன் தன் துப்பாக்கியுடன் வந்தான். "தாத்தா, தையல் மிஷின் எண்ணெய் நிறைய விட்டேன். இப்போ டமால்னு சத்தம், புகையும் வருது" என்றான். சக்தி கூடிவிட்டதென்று அவனுக்கு ஏக மகிழ்ச்சி!

டீசல் ஷெட்டில் காலம் தள்ளிய எனக்கு அந்தச் சத்தம் புதிதல்ல. டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது ஏறும் சூட்டிலேயே எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஸ்பிரிங் துப்பாக்கியிலும் பிஸ்டன் பாய்ந்து காற்றை அழுத்துகிறது. அங்கே எண்ணெய் தேங்கினால் அதே கதைதான். வாஷர் கருகும், ஸ்பிரிங் முறியும்.

ஆகவே காற்றுத் துளையில் சாதாரண எண்ணெய் கூடவே கூடாது. பழைய தோல் வாஷர் காய்ந்தால் காற்று கசியும். அதற்கு மட்டும் எப்போதாவது ஓரிரு சொட்டு சிலிக்கான் எண்ணெய். குழல் மடங்கும் கீலுக்கு ஒரு பொட்டு மாலிப்டினம் கிரீஸ். கை வியர்வை துருவாகும். வெளி இரும்பை எண்ணெய்த் துணியால் துடைத்து வையுங்கள்.

குண்டில்லாமல் சுட்டால் பிஸ்டனுக்குக் காற்று மெத்தை இராது, முகப்பில் போய் மோதும். ஸ்பிரிங்கை இழுத்த நிலையிலேயே மணிக்கணக்கில் விட்டால் தளர்ந்துவிடும். வீட்டில் ஸ்குரூடிரைவரால் பிரிக்கவும் வேண்டாம். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் முகத்தில் பாயும்.

பையனின் துப்பாக்கியைக் கிளாம்ப் போட்டுத்தான் திறந்தேன். ஸ்பிரிங் இரண்டு துண்டு.