தேர் எப்படி நகருது, எப்படி நிக்குது?
(வடம் பிடிக்கப் போகும் நண்பர்களுக்காக)



ஆனி மாசம் நெல்லையப்பர் கோயில் தேரோட்டம் என்றால் நம்ம மாவட்டத்துக்கே லோக்கல் லீவு. திருவிழாவின் ஒன்பதாம் நாள் அது. சேரன்மகாதேவி ஸ்டேஷனில் ரயில் ஏறினால் டவுன் ஸ்டேஷனில் இறங்கி நடந்தே ரதவீதிக்குப் போய்விடலாம். போகிறவர்களில் பாதிப் பேர் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டு, நாலு அடி இழுத்துவிட்டு, அல்வா பொட்டலத்தோடு திரும்பி விடுகிறோம். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒர்க்‌ஷாப்பில் ஃபைல் பிடித்துக் கை காய்த்துப் போன நாம், அந்தத் தேர் எப்படி நகருது, அதைவிட முக்கியமாக எப்படி நிக்குது என்று தெரிந்துகொண்டு போனால் நல்லது. நமக்கும் நல்லது, சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மனுஷனுக்கும் நல்லது.

அன்றைக்கு ஓடுவது ஒரு தேர் இல்லை, ஐந்து. பிள்ளையார், முருகன், சுவாமி, அம்பாள், சண்டிகேஸ்வரர் என்று ஐந்து பேருக்கும் தனித்தனித் தேர். இதில் சுவாமி தேர்தான் பெரியது. திருவாரூர், ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்களுக்கு அடுத்து தமிழ்நாட்டிலேயே மூன்றாவது பெரிய தேர் என்பார்கள். எடை 450 டன் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். அதே பேப்பரில் திருவாரூர் ஆழித்தேர் 300 டன் என்றும் எழுதுகிறார்கள்! மூன்றாவது தேர் முதல் தேரைவிட எப்படிக் கனமாகும்? எந்தத் தேரை யார் எடைமேடையில் ஏற்றினார்கள்? அதனால் நம் கணக்குக்கு 300 டன் என்றே வைத்துக்கொள்வோம்.

உருளுகிற சக்கரத்துக்கு ரோட்டின் எதிர்ப்பு எடையில் நூற்றுக்கு 2 பங்கு என்று ஒரு உத்தேசம் போடுவோம். 300 டன்னுக்கு 6 டன் இழுவிசை வேண்டும். ஒரு ஆள் நடந்துகொண்டே விடாமல் இழுக்கக்கூடியது சுமார் 20 கிலோ. அப்படியானால் 300 பேர் போதும். ஆச்சரியமாக இல்லை? ஆயிரக்கணக்கில் ஆள் நிற்கும்போது தேர் ஏன் நின்று நின்று போகிறது?

காரணம் இரண்டு. ஒன்று, ரோடு சமமாக இல்லை. 100 அடிக்கு 1 அடி ஏற்றம் இருந்தால் போதும், இன்னொரு 3 டன் கூடிவிடும். அந்த ஏற்றம் நம் கண்ணுக்கே தெரியாது, சக்கரத்துக்குத் தெரியும். இரண்டாவது, எல்லோரும் ஒரே நேரத்தில் இழுப்பதில்லை. நான் இழுக்கும்போது நீ மூச்சு வாங்குகிறாய், நீ இழுக்கும்போது நான் வேட்டியை மடித்துக் கட்டுகிறேன். அதற்குத்தான் கொட்டு, விசில், “ஹர ஹர மகாதேவா” என்ற சத்தம் எல்லாம். பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தச் சத்தம் ஒரு டைமிங். எங்க அப்பா நெல் மூட்டை சுமக்கிறவர். முதல் தடவை என்னை வடத்தில் நிறுத்தும்போது சொன்னது: “ஏலே, இழுக்கதுக்கு பலம் ரெண்டாவதுதான். காதைத் தீட்டி வச்சுக்கோ.”

நிலையில் நிற்கிற தேரை முதல் அடி அசைப்பதுதான் பெரிய பாடு. பல நாள் ஒரே இடத்தில் நின்ற சக்கரம் தரையில் அமுங்கி உட்கார்ந்திருக்கும். வடத்தால் மட்டும் அது கிளம்பாது. பின்னால் சக்கரத்துக்கு அடியில் நீளமான மரத்தைக் கொடுத்து, மறுமுனையில் பத்துப் பேர் ஏறி அழுத்துவார்கள். இதைத் ‘தடி போடுதல்’ என்கிறோம். முதல் வருஷம் படித்த நெம்புகோல்தான். உதாரணமாக, தாங்குகட்டையில் இருந்து ஆள் நிற்கிற பக்கம் 15 அடி, சக்கரத்தின் பக்கம் 1 அடி. ஆளுக்கு 60 கிலோ என்றால் பத்துப் பேர் 600 கிலோ. சக்கரத்தை நெம்புவது 9 டன்! முன்னால் வடம் பிடிப்பவர்களைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். தேரைக் கிளப்பி விடுகிறவன் பின்னால் இருக்கிறான்.

இனி வடம். வடத்தின் முன்நுனியில் நிற்கிறவன் இழுப்பது அவனோடு போய்விடும். அவனுக்குப் பின்னால் நிற்கிற ஒவ்வொருவரின் இழுப்பும் அதோடு சேர்ந்துகொண்டே வந்து, தேரில் கட்டியிருக்கிற இடத்தில் மொத்தமும் விழும். ஒரு வடத்தில் 100 பேர், ஆளுக்கு 20 கிலோ என்றால் தேர் ஓரத்தில் 2 டன். அதே 100 பேர் தொய்ந்து கிடக்கிற வடத்தை உடம்பு முழுக்கப் போட்டு ஒரே வெட்டாக வெட்டி இழுத்தால், அது இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஆகும். சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரியில் தேங்காய் நாரில் தேர்வடம் திரிப்பது ஒரு தொழிலாகவே நடக்கிறது. எவ்வளவு நன்றாகத் திரித்தாலும் நார் நார்தான், வெயிலிலும் மழையிலும் கிடந்தால் நொந்துபோகும். 2024 ஜூன் 21ஆம் தேதி நெல்லையப்பர் சுவாமி தேரின் வடங்கள் அடுத்தடுத்து அறுந்ததும், தேர் நின்றதும், வேறு வடம் கொண்டுவந்து கட்டி இழுத்ததும் ஊருக்கே தெரியும். உடனே அபசகுனம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். வடத்தின் வயசையும் வெட்டி இழுத்த இழுப்பையும் பார்த்தாலே எனக்குக் காரணம் போதும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தேரை நிறுத்துவது எப்படி?

நடையில் பாதி வேகம், அதாவது நொடிக்கு அரை மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 300 டன் தேர் அந்த வேகத்தில் போனால் அதன் இயக்க ஆற்றல் 37,500 ஜூல். 10 டன் லாரி மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வருவதற்குச் சமம். அதைக் கையால் யாரும் நிறுத்த முடியாது. அதனால் சக்கரத்துக்கு முன்னால் ஆப்பு மாதிரிச் சரிவாகச் செதுக்கிய மரக்கட்டையைப் போடுகிறார்கள். சறுக்குக்கட்டை என்று பெயர். சக்கரம் அதன் மேல் ஏறும், ஏற ஏற வேகம் போகும். எவ்வளவு உயரம் ஏறினால் நிற்கும் தெரியுமா? வேகத்தின் வர்க்கத்தை 2g-ஆல் வகுத்துப் பாருங்கள். தேர் முழுவதும் வெறும் 1.25 செ.மீ. உயர்ந்தாலே போதும். முன்சக்கரம் மட்டும் ஏறினால் சுமார் இரண்டு பங்கு, 2.5 செ.மீ. எடை 300 டன்னானாலும் 450 டன்னானாலும் இந்தக் கணக்கு மாறாது. எங்க லெக்சரர்கிட்ட இதைக் காட்டியபோது அவரே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்!

ஆனால் இந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. கட்டை போட்ட நேரத்தில் வடத்தை விட்டிருக்க வேண்டும். முன்னால் ஆயிரம் பேர் உற்சாகத்தில் இழுத்துக்கொண்டே இருந்தால் சக்கரம் கட்டையைத் தாண்டும், அல்லது கட்டையைப் பிளக்கும், அல்லது பக்கவாட்டில் தெறிக்க வைக்கும். கட்டை போடுகிறவர் அந்த நேரம் சக்கரத்துக்கு ஒரு முழ தூரத்தில் குனிந்துகொண்டு நிற்கிறார்.

என் தாத்தா ஒரு ஊர்த் தேருக்கு (ஊர்ப் பெயர் வேண்டாம்) கட்டை போட்டவர். இடது காலில் இரண்டு விரல் கிடையாது. விசில் ஊதியாச்சு, முன்னால் இருந்தவர்களுக்குக் கேட்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது. தாத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. எங்க வீட்டில் உராய்வு என்ற வார்த்தையைப் புத்தகத்தில் படித்த முதல் ஆள் நான்தான். ஆனால் எந்த மரம் சறுக்கும், எந்த மரம் கடிக்கும், மூலையில் திரும்பும்போது கட்டையை எவ்வளவு சாய்த்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது நண்பர்களே! வடத்தை அடுத்த தெருப் பக்கம் சாய்த்து இழுத்து, கட்டையைச் சாய்வாகப் போட்டு, சக்கரத்தை உரசித் தள்ளித்தான் திருப்ப வேண்டும். நேர் வீதியில் பத்து நிமிஷத்தில் போகிற தூரத்தைவிட ஒரு மூலைக்கு அதிக நேரம் ஆவது இதனால்தான்.

திருவாரூரில் இந்த வேலையில் பாதியை மெஷின் எடுத்துக்கொண்டது. 1948-க்குப் பிறகு நின்றுபோன ஆழித்தேர் 1970-ல் மறுபடி ஓடியது. திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் போட்டுக் கொடுத்தார்கள். பின்னால் புல்டோசர் தள்ளும். சிலருக்கு இது பிடிக்கவில்லை. எனக்குப் பிடித்திருக்கிறது, தாத்தாவின் காலைப் பார்த்தவன் என்பதால்.

எலக்ட்ரிகல் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் இறந்தார்கள். சிறிய தேர்தான். ஆனால் தேர் உச்சிக்கும் கம்பிக்கும் உள்ள இடைவெளி ஒவ்வொரு வருஷமும் அதே மாதிரி இருக்கும் என்று நினைக்கக் கூடாது. ரோடு போடுகிறவர்கள் பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலேயே போட்டுக்கொண்டு போகிறார்கள், அலங்காரமும் வருஷா வருஷம் உயருகிறது. உங்கள் ஊர்ச் சப்பரத்துக்கு முந்தின நாளே ஒரு மூங்கிலை வைத்து உயரம் அளந்து பாருங்கள். கரண்ட் நிறுத்தியதை லைன்மேன் வாயால் கேட்டுக்கொள்ளுங்கள்.

வடத்தை யார் தொடலாம் என்பதற்கும் தமிழ்நாட்டில் சண்டை நடந்திருக்கிறது. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தலித் மக்கள் வடம் பிடிப்பதில் தகராறு, வழக்கு என்று தேர் வருஷக்கணக்கில் நின்றது. உயர்நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024 ஜூனில்தான் ஓடியது. நம்ம சேரன்மகாதேவியிலேயே 1920-களில் வ.வே.சு. ஐயர் குருகுலத்தில் தனிப்பந்தி போட்டதற்காகத் தமிழ்நாடே கொந்தளித்தது. மேலே போட்ட கணக்கில் ஆளுக்கு 20 கிலோ என்று ஒரே எண்ணைத்தான் எல்லோருக்கும் போட்டேன், வேறு எண் போட இடமில்லை.

சரி, இந்த வருஷம் போகிறவர்களுக்கு. வடத்தின் நடுப்பகுதியில், வடத்துக்கு வெளிப்பக்கம் நில்லுங்கள். இரண்டு வடத்துக்கு நடுவில் மாட்டிக்கொண்டால் ஓட வழி இல்லை. தேர் ஓரத்தில் நிற்காதீர்கள், அறுந்தால் துள்ளுவது அந்த நுனிதான். வடத்தைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். தொய்வு இருந்தால் முதலில் மெதுவாக நிமிர்த்துங்கள், பிறகு இழுங்கள். செருப்பு கழன்று விழுந்தால் விட்டுவிடுங்கள், குனிய வேண்டாம். விசில் கேட்டதும் கையை விட்டுவிட்டு, பின்னால் இருப்பவனுக்கும் “விடு, விடு” என்று கத்துங்கள். அவனுக்குக் கேட்டிருக்காது.