ஆஸ்பத்திரிச் செலவும் நம் கைப்பணமும்

பிழைப்பின் பொருட்டுப் பிறந்த ஊரை விட்டு வந்து, மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் குடித்தனம் நடத்தும் நம்மவர்கள் சிக்கனத்திற்குப் பேர் போனவர்கள். வீட்டு வாடகைக்கு இவ்வளவு, ஊரிலுள்ள பெற்றோருக்கு இவ்வளவு, பிள்ளைகளின் படிப்புக்கு இவ்வளவு என்று சம்பளத்தைப் பகுத்து வைத்தே வாழ்ந்து வருகிறோம். ஆயினும், அந்தக் கணக்குப் புத்தகத்தில் பெரும்பாலும் இடம் பெறாத செலவு ஒன்று உண்டு. அதுதான் ஆஸ்பத்திரிச் செலவு. அது சொல்லிக்கொண்டு வருவதில்லை. வந்துவிட்டாலோ பத்தாண்டுச் சேமிப்பைப் பத்தே நாட்களில் கொண்டு போய்விடுகிறது. சொந்த ஊராயின் அவசரத்துக்குக் கைமாற்றுக் கொடுக்க உற்றார் நாலு பேர் இருப்பார்கள். அயலூரில் அந்த ஆதரவும் குறைவு.

நம் நாட்டில் சுகாதாரத்திற்கு ஆகும் மொத்தச் செலவில், மக்கள் தம் கையிலிருந்து நேரே கொடுக்கும் பங்கு 2013-14ஆம் ஆண்டில் 64.2 சதவிகிதமாக இருந்தது. 2021-22ல் அது 39.4 சதவிகிதமாகக் குறைந்திருப்பதாக மத்திய அரசின் தேசிய சுகாதாரக் கணக்கு தெரிவிக்கிறது. குறைந்தது மகிழ்ச்சிக்குரியதே, எனினும் இதுவும் சிறிய பங்கு அன்று. இச்சுமையைக் குறைக்கும் வழிகளில் ஒன்றே மருத்துவ இன்ஷூரன்ஸ். 1986ல் பொதுத்துறைக் கம்பெனிகள் 'மெடிக்ளெய்ம்' பாலிசியைத் தொடங்கின. 2000ஆம் ஆண்டு முதல் தனியார் கம்பெனிகளும் இத்துறையில் அனுமதிக்கப்பட்டன. இன்று பாலிசிகளுக்குப் பஞ்சமில்லை. இருந்தும், "பாலிசி இருந்தது, ஆனாலும் பாதிப் பணம் கையை விட்டுப் போயிற்று" என்று வருந்துவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். பாலிசி இருப்பது வேறு, அதன் நிபந்தனைகளை அறிந்திருப்பது வேறு. கைப்பணம் எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தீர்மானிப்பவை அந்நிபந்தனைகளே.

முதலாவதாக, உத்தியோகஸ்தர்களுக்கு ஒரு வார்த்தை. ஆபீஸில் எல்லாருக்கும் சேர்த்து எடுத்திருக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நம்மில் பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். அந்தப் பாதுகாப்பு உத்தியோகம் உள்ள வரையில்தான். வேலை மாறினாலோ, ஓய்வு பெற்று ஊர் திரும்பினாலோ அது நின்றுவிடும். அதாவது, நோய் நாடி வரும் வயதில் காப்பு நம்மை விட்டு நீங்கிவிடும். எல்லா வயதினருக்கும் ஏற்ற பாலிசிகளைக் கம்பெனிகள் வழங்க வேண்டும் என்று 2024ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன என்பது உண்மையே. ஆனால் வயது ஏற ஏறப் பிரிமியமும் ஏறும். ஆகவே உடலில் தெம்பு உள்ளபோதே குடும்பத்தின் பேரில் தனியாக ஒரு பாலிசி எடுத்து வைப்பது விவேகம். தனிநபர் மற்றும் குடும்பப் பாலிசிகளின் மீதிருந்த 18 சதவிகித ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டிருப்பதும் இதற்கு அனுகூலமே.

இரண்டாவது, அறை வாடகை வரம்பு. கைப்பணத்தை அதிகம் கரைப்பது இதுவே; அதிகம் பேர் கவனியாததும் இதுவே. காப்புத் தொகை 5 லட்சம் ரூபாய். நாள் வாடகைக்கு வரம்பு அதில் 1 சதவிகிதம், அதாவது 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நோயாளி 10,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்குகிறார். அறை வாடகை 50,000, ஆபரேஷன் மற்றும் டாக்டர் கட்டணம் 2,00,000, மருந்து 50,000, ஆக மொத்தம் 3,00,000 ரூபாய். வாடகை வித்தியாசமான 25,000 ரூபாயை மட்டும் நாம் கொடுத்தால் போதும் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் வரம்பைப் போல் இரு மடங்கு வாடகையுள்ள அறையை எடுத்ததால், ஆபரேஷன், டாக்டர் கட்டணங்களிலும் பாதியையே கம்பெனி கொடுக்கும். மருந்துக்கு இந்த வெட்டு இல்லை. கம்பெனி தருவது 1,75,000. நம் கையிலிருந்து போவது 1,25,000. அறையின் வகைக்கேற்பக் கட்டணத்தை உயர்த்தும் ஆஸ்பத்திரிகளில் இந்நிபந்தனை இவ்வாறு வேலை செய்யும். ஆகையால் அறை வாடகை வரம்பில்லாத பாலிசியைத் தேடுவது நலம்; இயலாவிட்டால், வரம்பை மனத்தில் வைத்து அறையைத் தேர்ந்தெடுப்பது அவசியம்.

மூன்றாவது, இரண்டு ஊர்களில் வாழும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கே உரிய சிக்கல். பல கம்பெனிகள் நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, பெருநகரங்களுக்கு அதிகமாகவும் மற்ற ஊர்களுக்குக் குறைவாகவும் பிரிமியம் வாங்குகின்றன. பெற்றோருக்காகத் திருநெல்வேலி விலாசத்தில் குறைந்த பிரிமியத்துக்கு ஒரு பாலிசி எடுக்கிறோம். பிறகு அவர்களை மும்பைக்கு அழைத்து வந்து சிகிச்சை செய்கிறோம். அப்போது பில்லில் 10 அல்லது 20 சதவிகிதத்தை நாமே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனை சில பாலிசிகளில் உண்டு. எந்த ஊரில் வைத்தியம் நடக்கக் கூடும் என்பதை முன்கூட்டியே யோசித்து மண்டலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கம்பெனியோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிகள் நாம் வசிக்கும் நகரில் மட்டுமின்றிப் பெற்றோர் வசிக்கும் ஊரின் அருகிலும் உள்ளனவா என்று பார்ப்பதும் முக்கியம்.

நான்காவது, காப்புத் தொகை. பெருநகரங்களின் ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்கு 5 லட்சம் போதாமல் போகலாம். 20 லட்சத்துக்குப் பிரிமியம் கட்ட வசதி இல்லாமலும் இருக்கலாம். இத்தகையோருக்கு 'சூப்பர் டாப்-அப்' என்னும் பாலிசி உதவும். ஓர் ஆண்டின் மொத்தச் செலவு, குறிப்பிட்ட எல்லையை, உதாரணமாக 5 லட்சத்தை, தாண்டிய பிறகே அது கொடுக்கத் தொடங்கும். அதனால் அதன் பிரிமியம் குறைவு. வெறும் 'டாப்-அப்' பாலிசியோ ஒவ்வொரு தடவை ஆஸ்பத்திரியில் சேருவதையும் தனித்தனியாகக் கணக்கிடும். பெயர் ஒன்று போல் இருந்தாலும் பலன் ஒன்றல்ல.

ஐந்தாவது, உண்மையை மறைக்கலாகாது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு முதலியவற்றை விண்ணப்பத்தில் எழுதினால் பிரிமியம் ஏறிவிடும் என்று அஞ்சிச் சிலர் மறைத்துவிடுகிறார்கள். கண்டுபிடிக்கப்பட்டால், கட்டிய பிரிமியமும் போய், கேட்ட தொகையும் மறுக்கப்படும். சொல்லிவிட்டால் பிரிமியம் சற்று ஏறக் கூடும், காத்திருக்கவும் நேரலாம். முன்பே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருக்கலாகாது என்று 2024ஆம் ஆண்டு விதி வரையறுத்துள்ளது. ஐந்தாண்டுகள் இடைவிடாது பிரிமியம் கட்டியவரிடம், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, பழைய விவரங்களைக் காட்டிக் கம்பெனி மறுக்க முடியாது. ஆகவே பிரிமியம் கட்டும் தேதியைத் தவறவிடலாகாது. கம்பெனியின் சேவை திருப்தி அளிக்காவிடில், கழித்த காத்திருப்புக் காலத்தை இழக்காமலே வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்ளவும் வழி உண்டு. அதற்குப் புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

இனி, ஆஸ்பத்திரியில் சேரும் சமயம். ஒப்பந்த ஆஸ்பத்திரியாயின் 'கேஷ்லெஸ்' முறையில் கம்பெனியே பணத்தைச் செலுத்தும். அனுமதி கேட்ட ஒரு மணி நேரத்திற்குள் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். வீடு திரும்பும்போது இறுதி அனுமதியை மூன்று மணி நேரத்திற்குள் தர வேண்டும் என்று 2024 மே மாதத்துச் சுற்றறிக்கை கட்டளையிட்டுள்ளது. அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாகக் கட்டணம் கேட்டால், அது கம்பெனியின் பொறுப்பு. வேறு ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால், உடனே கம்பெனிக்குத் தகவல் சொல்லி, டிஸ்சார்ஜ் சீட்டு, பில், ரசீது அனைத்தையும் அசலாகப் பத்திரப்படுத்த வேண்டும். சேருவதற்கு முன்னும் பின்னும் ஆன பரிசோதனை, மருந்துச் செலவுகளையும் குறிப்பிட்ட நாட்கள் வரை பல பாலிசிகள் தருகின்றன. ரசீதைத் தொலைத்தவர் அப்பணத்தையும் தொலைத்தவரே. கையுறை, முகமூடி போன்ற சில்லறைச் சாமான்களைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

நியாயமான கோரிக்கை மறுக்கப்பட்டால் மனம் தளர வேண்டாம். மறுப்புக்குக் காரணத்தை எழுத்தில் கேட்டுப் பெற்று, முதலில் கம்பெனியின் குறை தீர்க்கும் அதிகாரிக்கு எழுத வேண்டும். ஒரு மாதத்திற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி அளிக்காவிட்டாலோ, இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் முறையிடலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. மும்பை, டில்லி, கொல்கத்தா, சென்னை முதலிய நகரங்களில் இந்த அலுவலகங்கள் இயங்கி வருகின்றன.

நம் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஞாயிற்றுக்கிழமை பீரோவில் உறங்கும் பாலிசிக் காகிதத்தை வெளியே எடுங்கள். அறை வாடகை வரம்பு, நாம் ஏற்க வேண்டிய சதவிகிதம், காத்திருப்புக் காலம், மண்டலம், ஒப்பந்த ஆஸ்பத்திரிகள் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி, வீட்டிலுள்ள பெண்மணிகளும் பிள்ளைகளும் அறியும் இடத்தில் வையுங்கள். படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு அக்கம்பக்கத்து இளைஞர்கள் படித்துச் சொல்லி உதவலாம். நோய் வருவதைத் தடுப்பது நம் கையில் இல்லாதிருக்கலாம். அது வரும் நாளில் நகையை அடகு வைக்க ஓடும் நிலையைத் தவிர்ப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.