மந்தையோடு நடந்தவர்கள்

கிறிஸ்தவ மரபில் இறை அழைத்தல் என்பது ஒருவர் தம் வாழ்நாளை இறைவனின் பெயரால் ஒரு மக்கள் கூட்டத்துக்கு ஒப்புக்கொடுப்பதாகும். இலங்கையின் வடக்கே, போர்க்காலத்து வன்னிப் பெருநிலப்பரப்பில் அந்த ஒப்புக்கொடுப்புக்கு மிகத் தெளிவான ஒரு பொருள் ஏற்பட்டது. மக்கள் இருக்கும்வரை குருவும் இருப்பார். மக்கள் மூட்டை கட்டி நடந்தால் அவரும் நடப்பார். குருக்கள், அருட்சகோதரிகள், போதகர்கள், உபதேசியார்கள் என்று பலர் இந்தக் கடமையை உயிர் உள்ளவரை காத்தனர். அதற்காக உயிரைக் கொடுத்தவர்களும் உண்டு.

அந்த நடையின் பெரும்பகுதி நிகழ்ந்தது ஏ-35 வீதியில். பரந்தன் சந்தியில் தொடங்கி முல்லைத்தீவு வரை ஏறக்குறைய 50 கிலோமீற்றர் நீளும் இந்த வீதியில், பரந்தனைத் தாண்டியதும் வரும் ஊர்களில் ஒன்று முரசுமோட்டை. இரணைமடுக் குளத்துப் பாய்ச்சலில் நெல் விளையும் ஊர் அது. சுற்றுவட்டார மக்களில் பெரும்பான்மையினர் சைவர்கள். கிறிஸ்தவக் குடும்பங்கள் அவர்களிடையே சிறு தொகையினராகக் கலந்து வாழ்கின்றன. எனவே இங்கே பணிக்கு வரும் குருவின் வாசலில் உதவி கேட்டு நிற்பவர்களில் பலர் அவருடைய கோவிலுக்கு வராதவர்கள். அவர்களையும் தம் மக்களாக ஏற்பது வன்னிப் பணியின் முதற்பாடம்.

தங்கியிருக்கும் கடமை

பங்குத்தந்தை தம் பங்கிலேயே தங்கியிருக்க வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் பழைய விதி. பதினாறாம் நூற்றாண்டில் கூடிய திரெந்து பொதுச்சங்கம் இதை வலியுறுத்தியது. இன்றைய திருச்சபைச் சட்டமும் கோவிலை அண்டிய அறைவீட்டில் பங்குத்தந்தை குடியிருக்க வேண்டும் என்கிறது. இந்த விதியின் வேர் யோவான் நற்செய்தியில் வரும் நல்லாயன் உவமையில் இருக்கிறது. ஓநாய் வரும்போது கூலிக்கு மேய்ப்பவன் ஆடுகளை விட்டு ஓடுவான். ஆடுகளைத் தன்னுடையவையாகக் கொண்ட ஆயன் ஓடமாட்டான்.

குருவாக விரும்பும் இளைஞர் இந்த உவமையைக் குருமடத்தில் பல முறை தியானிக்கிறார். யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் உள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் குருமடம் வடக்கு கிழக்கின் பல குருக்களை உருவாக்கிய இடம். அங்கே மெய்யியலும் இறையியலும் கற்கும் காலம் நீண்டது. திருநிலைப்படுத்தலின்போது குருவானவர் தம் ஆயருக்குக் கீழ்ப்படிவதாக வாக்குக் கொடுக்கிறார். எந்தப் பங்குக்கு அனுப்பப்பட்டாலும் போவேன் என்பது அந்த வாக்கின் நடைமுறைப் பொருள். மலேரியாவும் வறட்சியும் போரும் மாறி மாறி வாட்டிய வன்னிக்குப் போவதும் அதில் அடங்கியிருந்தது.

முன்னோடியின் பாதை

இந்த மண்ணில் துன்பத்தின் நடுவே அழைத்தலைக் காத்தவர்களில் முதன்மையானவர் புனித யோசப் வாஸ். கோவாவில் 1651 இல் பிறந்த இவர் 1687 இல் ஏழை ஒருவரின் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தார். 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்து, அவர்களுக்கு அடைக்கலம் கொடுப்பதையும் கடுங்குற்றமாக்கியிருந்தனர். மாந்தையில் இருந்த மாதாவின் திருச்சுரூபத்தை 1670 வாக்கில் விசுவாசிகள் வன்னிக் காட்டுக்குள் கொண்டுபோனதும் அந்த நெருக்கடியினால்தான். மடுத் திருத்தலம் அப்படி உருவானது. அதன் தோற்றமே ஓர் இடம்பெயர்வு.

யோசப் வாஸ் வரும்போதே நோயாளியாக இருந்தார். சில்லாலையில் மறைந்திருந்து பணியைத் தொடங்கினார். பின்னர் புத்தளம் போய், 1692 இல் கண்டியை அடைந்தார். அங்கே ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். 1697 இல் கண்டியில் அம்மைநோய் பரவி, நோயாளிகளை உறவினரே கைவிட்டபோது, அவர்களைத் தூக்கிப் பராமரித்தவர் இவர். முதல் ஒன்பது ஆண்டுகள் தீவு முழுவதற்கும் ஒரேயொரு குருவாக நடந்தே பணிசெய்தார். 1711 ஜனவரி 16 இல் கண்டியில் காலமானார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015 ஜனவரி 14 இல் கொழும்பில் இவரைப் புனிதராக அறிவித்து, அன்றே மடுவுக்கும் சென்றார். வடக்கின் குருக்கள் தமக்கு முன்னோடியாகக் கொள்வது, ஒளிந்தும் நடந்தும் நோயோடு போராடியும் மக்களை விடாத இந்த மனிதரைத்தான்.

சாட்சியாக நின்றவர்கள்

1980களில் போர் தொடங்கியபோது குருக்களின் கடமையில் இன்னொரு சுமை சேர்ந்தது. கிராமத்தில் கொலை நடந்தால் அதைப் பதிவுசெய்து வெளியுலகுக்குச் சொல்லக்கூடியவராகப் பெரும்பாலும் குருவானவரே இருந்தார். மன்னார்ப் பகுதியில் மக்களுக்காகப் பேசிய மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் 1984 டிசம்பர் 13 இல் முருங்கன் பக்கத்தில் கொல்லப்பட்டார். மூன்று வாரங்களின் பின், 1985 ஜனவரி 6 இல், வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகளார் சுட்டுக்கொல்லப்பட்டார். ஒருவர் மெதடிஸ்தர், மற்றவர் கத்தோலிக்கர். திருச்சபைகளுக்கு இடையிலான வேறுபாடு அந்தச் சாவுகளில் இல்லை.

கோவில் அடைக்கலம் தரும் என்ற நம்பிக்கையும் பல தடவை உடைந்தது. 1995 ஜூலை 9 இல் நவாலி புனித பேதுருவானவர் ஆலயச் சூழலில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது குண்டு வீசப்பட்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1999 நவம்பர் 20 இல் மடுத் திருத்தலத்தில் எறிகணை விழுந்து இடம்பெயர்ந்திருந்த பலர் இறந்தனர்.

2006 இல் போர் மீண்டும் மூண்டபின், வீதியில் போவதே ஆபத்தாயிற்று. யேசு சபை அகதிகள் பணியின் மன்னார் மாவட்டப் பொறுப்பாளர் பாக்கியரஞ்சித் அடிகளார், இடம்பெயர்ந்தோருக்கான பணியில் சென்றுகொண்டிருந்தபோது, 2007 செப்டெம்பர் 26 இல் கிளைமோர்க் கண்ணிவெடித் தாக்குதலில் கொல்லப்பட்டார். வடகிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராக இருந்த கருணாரட்ணம் அடிகளாரும் 2008 ஏப்ரல் 20 ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை அதே விதமாக மடிந்தார். மக்கள் அவரைக் 'கிளி பாதர்' என்று அழைத்தனர். மல்லாவிப் பக்கத்து வீதியில் அவர் கொல்லப்பட்டது ஞாயிறு திருப்பலியை முடித்துத் திரும்பும்போது. அந்த ஏப்ரல் மாதத் தொடக்கத்திலேயே, போர் நெருங்கியதால், மடு மாதாவின் திருச்சுரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோகப்பட்டிருந்தது. முந்நூறு ஆண்டுக்கு முன் காட்டுக்குள் வந்த சுரூபம் காட்டை விட்டு வெளியேறியது.

வீதியோடு போன பங்குகள்

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் அலுவலர்களும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களும் அரசாங்கத்தின் பணிப்பின்பேரில் வன்னியை விட்டு வெளியேறினர். மக்களோடு எஞ்சியவர்கள் அரச வைத்தியர்கள், உள்ளூர் அலுவலர்கள், குருக்கள், அருட்சகோதரிகள், போதகர்கள். வெளியேறும் வழி இருந்தும் தங்கியவர்கள் இவர்களில் பலர்.

2009 ஜனவரி 2 இல், விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த கிளிநொச்சி இராணுவத்திடம் வீழ்ந்தது. அதற்கு முன்னரே மக்கள் முரசுமோட்டை, தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே நகரத் தொடங்கியிருந்தனர். உழவு இயந்திரங்களிலும் மாட்டுவண்டிகளிலும் சைக்கிள்களிலும் கதவு, நிலை, கூரைத்தகடு, நெல்மூட்டை எல்லாம் ஏற்றப்பட்டன. பங்கு என்பது நிலத்தில் எல்லை போட்ட ஒன்றாக இல்லாமல் போய், வீதியில் நகரும் மனிதர்களாக மாறியது. ஒரு பங்கின் மக்கள் பல ஊர்களில் சிதறினர். பல பங்குகளின் மக்கள் ஒரே வளவில் தறப்பாள் கட்டினர். குருவானவர் எந்தக் கூடாரத்தில் யார் இருக்கிறார் என்று தேடிப் போனார். மரநிழலிலும் தறப்பாளின் கீழும் திருப்பலி நடந்தது. இறந்தவர்களுக்குப் பெட்டி இல்லை, ஊர்வலம் இல்லை. அருகில் கிடைத்த மண்ணில் செபம் சொல்லி அடக்கம் செய்யப்பட்டது.

ஜனவரி 21 இல் அரசாங்கம் பொதுமக்களுக்கான முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. ஏ-35 வீதியை ஒட்டிய சுதந்திரபுரம், உடையார்கட்டுப் பகுதி அது. பரப்பளவு ஏறக்குறைய 35 சதுர கிலோமீற்றர். பெப்ரவரி 12 இல் புதுமாத்தளன் கடற்கரையோரமாக ஏறக்குறைய 14 சதுர கிலோமீற்றரில் அடுத்த வலயம் அறிவிக்கப்பட்டது. மே மாதத்தில் அது முள்ளிவாய்க்காலில் மூன்று சதுர கிலோமீற்றருக்கும் உட்பட்ட மணல்துண்டாகச் சுருங்கியது. இந்த வலயங்களுக்குள்ளும் எறிகணைகள் விழுந்தன.

வலைஞர்மடம் மாதா கோவிலில் அழைத்தல் இரு பக்கத்தாலும் நெருக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் கட்டாய ஆட்சேர்ப்புக்குத் தப்பிய இளைஞர்களும் யுவதிகளும் அங்கே தஞ்சம் புகுந்திருந்தனர். மார்ச்சில் புலிகள் கோவிலுக்குள் வந்து நூற்றுக்கணக்கானோரைப் பிடித்துச் சென்றனர். ஏப்ரல் பிற்பகுதியில் அதே கோவில் வளவில் எறிகணைகள் விழுந்தன. மக்கள் மாண்டனர், அங்கிருந்த குருக்களும் காயமடைந்தனர், ஒருவர் காலை இழந்தார். எந்தத் துப்பாக்கியின் பக்கமும் சேராமல் பிள்ளைகளைக் காக்க முயன்ற குருக்கள் இரண்டு துப்பாக்கிகளுக்கும் நடுவில் அகப்பட்டனர். விடாமுயற்சி வெற்றியில் முடியும் என்ற உறுதி அங்கே இருக்கவில்லை. கடமை மட்டுமே இருந்தது.

வட்டுவாகல்

2009 மே 18 இல் போர் முடிவுக்கு வந்தது. எஞ்சிய மக்கள் நந்திக்கடல் நீரேரியின் ஓரமாக வட்டுவாகல் பாலத்தைக் கடந்து இராணுவத்தின் பக்கம் வந்தனர். கிளிநொச்சிப் பகுதியில் பணியாற்றிய சரத்ஜீவன் அடிகளார் அந்த மக்களோடு கடைசிவரை இருந்தார். பசியாலும் களைப்பாலும் நலிந்திருந்த அவர் அன்று, அந்த வழியிலேயே, மாரடைப்பால் இறந்தார். வயது 41. சிதைந்த பதுங்குகுழிகளிலிருந்து மற்றவர்களை வெளியே கொண்டுவந்தவருக்கு அதற்குமேல் நடக்க உடலில் பலம் இருக்கவில்லை.

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளாரும் அதே நாளில் வட்டுவாகலில் இருந்தார். எழுபது வயது கடந்த அவர், மே 10 ஆம் திகதி முள்ளிவாய்க்காலிலிருந்து மக்களின் நிலையை விளக்கித் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ற்றுக்குக் கடிதம் எழுதியவர். சரணடைய விரும்பிய போராளிகளும் அவர்களின் குடும்பங்களும் இராணுவத்திடம் போனபோது அவரும் உடன் சென்றார். அவர்கள் பேருந்தில் ஏற்றப்பட்டதைக் கண்டவர்கள் சாட்சியம் சொல்லியிருக்கின்றனர். அதன்பின் அவரைப் பற்றியோ உடன் சென்றவர்களைப் பற்றியோ எந்தத் தகவலும் இல்லை. தாம் உடன் இருந்தால் அவர்களுக்கு ஒரு பாதுகாப்பாக இருக்கும் என்ற எண்ணத்தின் விலை அது.

இறுதிக்கட்டப் போரில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் அறிக்கையிட்டது. அதற்கு முன்னரே, 2011 ஜனவரி 8 இல், மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அரசாங்கத்தின் நல்லிணக்க ஆணைக்குழு முன் தோன்றி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். 2008 ஒக்டோபரில் வன்னியில் இருந்தவர்களாகக் கச்சேரிப் பதிவுகள் காட்டிய 429,059 பேரிலிருந்து, 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுக்கு வந்ததாகக் கூறப்பட்ட 282,380 பேரைக் கழித்துப் பெற்ற தொகை அது. 2021 ஏப்ரல் 1 இல் அவர் காலமாகும்வரை அந்தக் கேள்விக்கு அரசு பதில் சொல்லவில்லை.

திரும்பி வந்த பின்

உயிர்தப்பிய குருக்களும் அருட்சகோதரிகளும் மக்களோடு செட்டிக்குளம் மனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமுக்குள் போனார்கள். மீள்குடியேற்றம் தொடங்கியதும் ஏ-35 வீதியால் குடும்பங்கள் ஊர் திரும்பின. கூரையற்ற வீடுகளும் பற்றைக்காடாகிய வயல்களும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகளும் அவர்களுக்காகக் காத்திருந்தன. கோவில்களும் கூரையின்றி நின்றன. குருமார் தறப்பாள் கொட்டிலிலிருந்தே மீண்டும் தொடங்கினர். 2018 டிசம்பரில் இரணைமடு நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டபோது முரசுமோட்டை, கண்டாவளைப் பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கி, கட்டியெழுப்பிய வாழ்வு மறுபடி நனைந்தது.

இன்றைய பணி போர்க்காலத்தைவிட அமைதியானது, ஆனால் இலகுவானதன்று. கணவனை இழந்த பெண்கள் தனியே நடத்தும் குடும்பங்கள், நுண்கடனில் சிக்கியவர்கள், அவயவம் இழந்தவர்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படத்தோடு வரும் தாய்மார் என்று பங்குமனையைத் தேடி வருவோர் ஏராளம். கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் 2017 பெப்ரவரி 20 இல் தாய்மார் தொடங்கிய தொடர் போராட்டத்தில் குருக்களும் அருட்சகோதரிகளும் போய் அமர்ந்தனர். சைவக் கோவிலின் வாசலில் வெள்ளை அங்கியோடு இருந்தவர்களை யாரும் அந்நியராகக் கருதவில்லை. அதே ஆண்டு முள்ளிவாய்க்கால் கிழக்கில் இறந்தோரின் பெயர்களைக் கல்லில் பொறித்து நினைவுகூர யேசு சபைக் குரு எழில் இராஜேந்திரம் ஒழுங்குசெய்தபோது, நீதிமன்றத் தடையையும் பொலிஸ் விசாரணையையும் எதிர்கொள்ள நேர்ந்தது. சாட்சி சொல்வதற்கான விலை குறைந்திருக்கிறது, இல்லாமல் போகவில்லை.

ஒவ்வொரு மே 18 இலும் வடக்கு கிழக்கில் அரிசியும் நீரும் உப்பும் மட்டும் இட்ட முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிப் பகிரப்படுகிறது. சரத்ஜீவன் அடிகளாரின் நினைவு நாளும் அதுவே. பிரான்சிஸ் ஜோசப் அடிகளாருக்கு நினைவு நாள் குறிக்க முடியாது. அவருடைய பெயர் இன்னும் காணாமல் ஆக்கப்பட்டோர் பட்டியலில்தான் இருக்கிறது.