ஆர்க்காட்டு முற்றுகையும் மேசைப் போர்விளையாட்டும்

1. புகுவாய்

அரணை வளைத்தலையும் அதனைக் காத்தலையும் இலக்கணமாக வகுத்த பெருமை தமிழுக்கு உண்டு. தொல்காப்பியர் இவ்விரண்டையும் உழிஞைத் திணையுள் அடக்கி, அதனை மருதத்திற்குப் புறனாக வைத்தார். பிற்காலத்துப் புறப்பொருள் வெண்பாமாலை காத்தலை நொச்சி எனத் தனித் திணையாகப் பிரித்தது. இத்துறைகள் போர் நிகழும் முறையை உள்ளவாறு காட்டுவனவா, புலவர் புனைந்த மரபு மட்டுமா என்னும் வினா உழிஞைப் பகுதியைக் கற்பார்க்கு எழுவதே. அவ்வினாவிற்கு விடை காண ஒரு புதுவழியை ஈண்டு ஆராய்வாம். பண்டைப் போர்களைச் சிறு பாவைகள் கொண்டு மேசைமேல் மீண்டும் நடத்திப் பார்க்கும் விளையாட்டே அவ்வழி.

2. விளையாட்டின் இயல்பு

இதனை வெறும் பொழுதுபோக்கு எனத் தள்ளுதல் பொருந்தாது. பிரசிய நாட்டில் ரைசுவிட்சு என்பார் 1812இல் அரசர்க்குக் காட்டிய போர்ப்பலகையும், அவர்தம் மைந்தர் 1824இல் வெளியிட்ட விதிகளும் படைத்தலைவர்க்குப் பயிற்சியாக அமைந்தவை. ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்சு 1913இல் எழுதிய சிறுநூல் இதனை இல்லங்களுக்குக் கொண்டுசென்றது.

இவ்விளையாட்டில் ஒரு பாவை பல வீரரைக் குறிக்கும். கோலால் அளந்து பாவைகளை நகர்த்துவர். தாக்குதலின் விளைவைப் பகடை உருட்டித் துணிவர். ஐயம் எழுமிடத்து நடுவர் தீர்ப்பார். ஒரு போரோடு முடியாது, பல நாள் நிகழ்வுகளைத் தொடர்ந்து ஆடுங்கால் நிலப்படம் ஒன்றும் வேண்டும். படைகளின் செலவும் உணவின் அளவும் படத்தில் கணிக்கப்பெறும். படைகள் எதிர்ப்பட்ட பின்னரே மேசைக்கு வருவர்.

3. ஆர்க்காடு, 1751

பதினெட்டாம் நூற்றாண்டு முற்றுகைகளுள் ஆர்க்காடு இம்முறைக்கு மிகவும் ஏற்றது. சந்தா சாகிபு திருச்சிராப்பள்ளியில் முகம்மது அலியை வளைத்திருந்த காலம் அது. அவர் படையைப் பிரித்து இழுக்கும் நோக்கத்துடன் கிளைவு 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் சென்னையினின்று சென்று ஆர்க்காட்டுக் கோட்டையில் புகுந்தார். சந்தா சாகிபின் மைந்தர் இராசா சாகிபு ஏறத்தாழ 10,000 பேருடன் வந்து வளைத்தார். அவருள் 4,000 பேர் திருச்சிராப்பள்ளியினின்று அனுப்பப்பெற்றவர்.

ஆகவே இவ்வாட்டத்தில் வெற்றி என்பது கோட்டையைக் காத்தல் மட்டுமன்று. திருச்சிராப்பள்ளியினின்று எத்துணைப் பேர் இழுக்கப்பட்டனர் என்பதே முதன்மையான அளவுகோல். படத்தை விடுத்து மேசையை மட்டும் நோக்குவார்க்கு இவ்வுண்மை புலப்படாது.

முற்றுகை இறுகிய நிலையில் உள்ளிருந்து பொருதற்குரியோர் 120 ஐரோப்பியரும் 200 சிப்பாய்களுமே. 20 வீரர்க்கு ஒரு பாவை எனக் கொள்ளின், புறத்தே 500 பாவைகள் நிற்ப, அகத்தே 16 பாவைகளே நிற்கும். ஒரு மைலுக்கு மேற்பட்ட சுற்றளவுடைய சிதைந்த மதிலை இப்பதினாறும் காத்தல் வேண்டும். எவ்விடத்தை விடுவது, எவ்விடத்தைக் காப்பது என்பதே ஆடுவோரின் முதற் சிக்கலாகும்.

காலக் கணிப்பிலும் கருத்து வேண்டும். முற்றுகை செப்டம்பர் 23இல் தொடங்கி நவம்பர் 14இல் முடிந்தது என்பது ஆங்கிலேயர் 1752 வரை கையாண்ட பழைய நாட்காட்டியின் கணக்கு. இக்காலக் கணக்கில் அவை அக்டோபர் 4, நவம்பர் 25 ஆகும். எனவே முற்றுகை வடகிழக்குப் பருவமழைக் காலத்தோடு பெரிதும் ஒன்றுகிறது. பழைய தேதியை அவ்வாறே கொண்டு மழைக்குரிய விதியை அமைப்போர் பதினொரு நாள் பிழைபடுவர்.

4. துறைகளும் நிகழ்ச்சிகளும்

நவம்பர் 14ஆம் நாள் விடியலில் நிகழ்ந்த பெருந்தாக்குதலை வெண்பாமாலைத் துறைகளோடு ஒப்பிடுவாம். ஏறத்தக்க மதிற்புறமெல்லாம் ஏணிகளுடன் வீரர் வந்தனர், இஃது ஏணிநிலை. அகழியில் தெப்பம் விட்டு மதிலுடைப்பை அணுகினர். கிடங்கிடைப் போராகிய பாசிநிலையை இது நினைவூட்டும். நெற்றியில் இரும்புத் தகடு பூட்டிய யானைகள் கதவை உடைக்க ஏவப்பட்டன. அவை துப்பாக்கிக் குண்டுகளுக்கு வெருண்டு திரும்பித் தம் படையையே மிதித்தன. ஆதலின் விளையாட்டில் யானைப் பாவைக்குத் தனிவிதி இன்றியமையாதது: குண்டு பட்ட யானை எத்திசை திரும்பும் என்பதைப் பகடையே துணிதல் வேண்டும்.

ஒருமணி நேர அளவில் தாக்குதல் முறிந்தது. புறத்தோர் ஏறத்தாழ 400 பேரை இழந்தனர். அன்றிரவே வளைத்தோர் அகன்றனர். மராட்டியத் தலைவர் மொராரி ராவ் 6,000 குதிரை வீரருடன் துணைவர இசைந்தமையும், சென்னையினின்று துணைப்படை நெருங்கியமையும் இவ்விறுதித் தாக்குதலை விரைவித்தன. புறத்தே வேறொரு படை வர, வளைத்தவன் முற்றுகையை விட்டு நீங்குவதை வேற்றுப்படை வரவு என்னும் துறையாக வெண்பாமாலை வகுத்திருத்தல் ஈண்டு எண்ணத்தக்கது. பீரங்கி தோன்றிய பின்னரும் முற்றுகையின் உட்கட்டமைப்பு மாறவில்லை. எனவே துறைகள் வெறும் மரபல்ல, முற்றுகையின் இயல்பினின்று பிறந்த பாகுபாடுகள் என்று கோடல் தகும்.

5. மேசை மறைப்பன

மெக்காலே 1840இல் எழுதிய கட்டுரை இவ்வெற்றியைக் கிளைவு ஒருவரின் ஆற்றலாகவே பாடமாக்கிற்று. சிப்பாய்கள் சோற்றை ஐரோப்பியர்க்கு ஈந்து தாம் கஞ்சியை உண்டனர் என்னும் செய்தியும் அதன்வழிப் பரவியது. மேசைமுன் அமர்வார்க்கு வேறொன்று தெளிவாகும்: 16 பாவைகளுள் 10 சிப்பாய்களுடையவை. அப்பத்தையும் எடுத்துவிட்டு ஆடிப் பார்ப்பின், மதிலைக் காக்க எஞ்சுவோர் எத்துணையர் என்பது எளிதில் விளங்கும். தலைவன் பெயரால் வழங்கும் வெற்றி பெயரறியாப் பலரால் நிலைபெற்றது என்பதை இவ்வெண்ணிக்கை மறைவின்றிக் காட்டுகிறது.

எனினும் எண்ணிக்கை காட்டாதவையும் உள. கோட்டையுள் இருந்த உணவு 60 நாட்களுக்கே போதுமானது. அதனால் கைவினைஞர் சிலரை நிறுத்தி, உள்ளே வாழ்ந்த குடிமக்களை வெளியேற்றினர். விளையாட்டில் இது நிலப்படத்தின் ஓரத்தில் எழுதும் ஓர் எண் மாற்றமே. உண்போர் குறைந்தனர், உணவு நீடித்தது என்பதோடு அமையும். வீடிழந்து பகைவர் காவலைக் கடந்து சென்ற மக்களுக்குப் பாவை இல்லை.

இக்குறையை நிரப்புவது இலக்கியமே. ஆவூரில் அடைத்திருந்த நெடுங்கிள்ளியை நோக்கிக் கோவூர்கிழார் பாடிய புறநானூற்று 44ஆம் பாடல் முற்றுகையின் வலியை வீரர் தொகையால் அளக்கவில்லை. பாலின்றி அழும் குழந்தைகள், பூவின்றி முடிக்கும் மகளிர், உணவின்றி வருந்தும் யானைகள் ஆகியோரைக் காட்டியே அவர் அரசனுக்கு அறம் உரைத்தார். விளையாட்டு ‘எவ்வாறு’ என்பதை விளக்கும். ‘யார்க்கு நேர்ந்தது’ என்பதைப் பாட்டே உணர்த்தும்.

6. முடிபு

உழிஞை, நொச்சிப் பகுதிகளைப் பயில்வோர் ஒருமுறையேனும் ஒரு முற்றுகையைப் படத்திலும் மேசையிலும் நடத்திப் பார்ப்பின், துறைகளின் வரன்முறை தெளிவுறும். அதனோடு கோவூர்கிழார் பாட்டையும் அருகில் வைத்துப் படித்தல் வேண்டும். மேசையினின்று அகற்றப்படும் பாவை ஒவ்வொன்றும் இருபது உயிர் என்னும் நினைவு அப்பொழுதே நிலைக்கும்.