மழையில் பிடிக்கும் ரப்பர்

பைக் டயர் நெடுநாள் உழைக்கவும் வேண்டும், மழையில் வழுக்கவும் கூடாது, எதை வாங்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறார் ஒரு வாசகர். கடையில் கேட்டால் பட்டன் ஆழத்தைக் காட்டுவார்கள். பட்டன்களுக்கு இடையிலுள்ள பள்ளங்கள் தண்ணீரை ஒதுக்கிவிடும். அதற்குப் பிறகு சாலையைப் பிடிக்க வேண்டியது ரப்பர்தான்.

புதிதாகக் கொத்திய அம்மியில் மிளகாய் சிக்குமே, அப்படித்தான் தார்ச்சாலைக் கற்களின் சொரசொரப்புக்குள் ரப்பர் அமுங்கிப் பிடிக்கிறது. காய்ந்த சாலையில் கல்லோடு கொஞ்சம் ஒட்டவும் செய்யும். ஈரம் வந்ததும் ஒட்டுதல் போய்விடும், அமுங்கல்தான் மிச்சம். அமுங்கிய ரப்பர் சட்டென்று துள்ளி எழாமல் சோம்பலாக மீண்டால்தான் வண்டியின் வேகம் வெப்பமாக மாறிக் குறையும். கெட்டி ரப்பர் எளிதில் தேயாது. ஆனால் அமுங்கவும் செய்யாது. சில டயர்களில் நடுவில் கெட்டிக் கலவையும், வளைவில் சாயும்போது தரையைத் தொடும் ஓரங்களில் மென்கலவையும் வைப்பது இதனால்தான்.

என்னை விடாமல் இழுப்பது இனிச் சொல்லப்போவது. சோம்பலான ரப்பர் சக்கரம் சுற்றும்போதெல்லாம் பெட்ரோலைத் தின்னுமே? ஆனால் 50 கி.மீ. வேகத்தில் பைக் சக்கரம் நொடிக்கு ஏழு முறைதான் சுற்றுகிறது. பிரேக் பிடிக்கையில் கல்லின் நுண்முனைகளோ ரப்பரை நொடிக்குப் பல்லாயிரம் முறை அமுக்குகின்றன. மெதுவான அமுக்கலுக்குத் துள்ளலாகவும் வேகமான அமுக்கலுக்குச் சோம்பலாகவும் நடந்துகொள்ள ஒரே ரப்பரைப் பழக்க முடியும்! டயருக்குக் கருநிறம் தரும் கார்பன் கரியில் பெரும்பகுதிக்குப் பதிலாக, மணலின் மூலப்பொருளான சிலிக்காவைச் சேர்க்க வேண்டும். ரப்பரோடு சிலிக்கா லேசில் சேராது. இரண்டையும் பிணைக்க சிலேன் என்ற வேதிப்பொருள் தேவை. 1990களின் தொடக்கத்தில் மிஷலின் நிறுவனம் கார் டயரில் இதைச் செய்துகாட்டியது. இன்று பைக் டயர்களிலும் சிலிக்கா வருகிறது. விலை சற்றுக் கூடினாலும் அதையே வாங்குங்கள்.

நல்ல டயர் வாங்கியவர்களும் முன் டயரை மறந்துவிடுகிறார்கள். பின் டயர்தான் சீக்கிரம் தேயும், அதை மட்டும் மாற்றுவார்கள். பிரேக்கின் பெரும்பங்கைத் தாங்கும் முன் டயரோ பட்டன் குறையாமலே வெயிலில் காய்ந்து இறுகிக் கிடக்கும். மொட்டையான டயரில் கத்தியால் பள்ளம் வெட்டித் தருபவர்களும் இருக்கிறார்கள். அது ரப்பரை மேலும் மெலிதாக்கும் வேலை, தயவுசெய்து வேண்டாம். இருசக்கர வண்டிக்குச் சட்டம் கேட்கும் பட்டன் ஆழம் 0.8 மி.மீ. மழைக்காலத்தில் அதுவரை காத்திருக்கக் கூடாது.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2219 என்றால் 2019ஆம் ஆண்டின் 22ஆம் வாரத்தில் செய்தது. உங்கள் முன் டயரில் அப்படியொரு பழைய எண் இருந்து, நகம் பதியாத அளவு ரப்பர் இறுகியிருந்தால், பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஐப்பசி பிறப்பதற்குள் மாற்றிவிடுங்கள்.