ஷாஃப்டைத் தொடாத சீல்

சென்னை வேலப்பன்சாவடியிலிருந்து பூந்தமல்லி தாண்டி நேராகப் போனால், ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை. 1990-இல் திறந்த மோட்டார் பந்தயத் தடம் அங்கேதான். அங்கே ஓடிய, கோவைக்காரர் கரிவரதன் உருவாக்கிய ஃபிஸ்மி பந்தயக் கார்களுக்குள் இருந்தது மாருதி எஞ்சின். ஆக, ஸ்போர்ட்ஸ் காருக்கு ஆயில் சீல் போடப் பழக, ஒரு பழைய மாருதி 800 தாராளமாகப் போதும்.

கிராங்க் ஷாஃப்ட் எஞ்சினை விட்டு வெளியே வரும் இரண்டு முனைகளிலும் இந்தச் சீல் உண்டு. இரும்பு வளையம், உள்ளே ரப்பர் உதடு, உதட்டை இறுக்கிப் பிடிக்க ஒரு மெல்லிய ஸ்பிரிங். 1930களில் ஜெர்மனியின் ஃபிராய்டன்பெர்க் தோல் பதனிடும் நிறுவனம் இதைத் தோலில்தான் செய்தது. செயற்கை ரப்பர் பிறகு வந்தது. வண்டி ஓடும்போது உதடு ஷாஃப்டில் உரசுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஓரிரு மைக்ரான் எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது; வெளியே வரப் பார்க்கும் எண்ணெயை உள்ளே திருப்பியும் விடுகிறது. ரப்பர் கெட்டிப்பட்டாலோ, ஷாஃப்டில் பள்ளம் விழுந்தாலோ இந்த ஏற்பாடு குலைந்து ஒழுக ஆரம்பிக்கும்.

சீல் விலை சொற்பம். கூலிதான் கனம். பின்பக்கச் சீலுக்கு கியர்பாக்ஸ், க்ளட்ச், ஃப்ளைவீல் எல்லாம் கழற்ற வேண்டும். போர்ஷே 911-இல் கியர்பாக்ஸோ எஞ்சினோ இறங்காமல் கை போகாது. அதனால் முதலில் எஞ்சினைச் சுத்தமாகக் கழுவி, ஓடவிட்டு, மேலிருந்து கீழாகப் பாருங்கள். வால்வு கவர் பேக்கிங்கில் கசியும் எண்ணெய் பின்பக்கமாக வழிந்து வந்து, சீல்மேல் பழி போட்டுவிடும்.

பழைய சீலைக் கழற்றியதும் ஷாஃப்டில் உதடு உட்கார்ந்த இடத்தை நகத்தால் வருடுங்கள். நகம் மாட்டினால், புதுச் சீலும் சீக்கிரமே ஒழுகும். அங்கே மெல்லிய எஃகு ஸ்லீவ் ஏற்றலாம். இடம் இருந்தால் சீலைச் சற்றுத் தள்ளி உட்கார வைக்கலாம். எமரி பேப்பரைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே தேய்ப்பது பலருடைய பழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. சாய்வாக விழும் கீறல், திருகு மரை போல எண்ணெயை வெளியே இழுத்துவிடும்.

ஸ்பிரிங் உள்ள பக்கம் எண்ணெய்ப் பக்கம் இருக்க வேண்டும். ரப்பர் உதட்டுக்கு எண்ணெய் தடவலாம். புது வண்டிகளில் வரும் டெஃப்லான் சீலை உலர்வாகவே ஏற்ற வேண்டும். சீல் நேராக உட்கார்ந்ததும் ப்ரீதர் குழாயை ஊதிப் பாருங்கள். அது அடைத்திருந்தால், எஞ்சினுக்குள் ஏறும் அழுத்தம் புதுச் சீல் வழியாகவும் எண்ணெயைத் தள்ளும்.